ஊடலுக்கு ஒரு வீதி

காதல் ஆறிப்போவதைப் பற்றிய மேல்நாட்டுப் பாட்டுகள் பலவும் கதவு சாத்தப்படுவதோடு முடிந்துவிடுகின்றன. நம் முன்னோரோ சாத்திய கதவிலிருந்துதான் கதையையே தொடங்கினார்கள். திருவண்ணாமலையில் ஊடலின் பெயரால் ஒரு வீதியே இருக்கிறது: திருவூடல் தெரு.

ஆண்டுதோறும் தை 2-ஆம் நாள், மாட்டுப் பொங்கலன்று, அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மையும் அங்கே ஊரறியப் பிணங்குகிறார்கள். தன்னை விட்டு ஐயனை மட்டுமே வணங்கிய பிருங்கி முனிவருக்கு அவர் அருள் செய்தார் என்பது அம்மையின் வழக்கு. அவள் கோயிலுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். ஐயனுக்கு அன்றிரவு குமரக் கோயிலில்தான் தங்கல். மறுநாள், சுமார் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்த பிறகே சமாதானம்.

இந்த வழக்கில் தூது போகிறவர் யார் தெரியுமா? சுந்தரமூர்த்தி நாயனார்! திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்ததனால், திருவாரூரில் பரவையாரின் வீட்டுக்குள் நுழைய முடியாமல் தவித்தவர். அவருக்காகச் சிவபெருமானே ஓரிரவில் இருமுறை தூது நடந்ததைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடி வைத்தார். அந்தக் கடனைத்தான் அடியார் அண்ணாமலையில் தீர்க்கிறார் போலும்!

வள்ளுவரும் தம் 1330 குறள்களை 'ஊடலுவகை'யில்தான் முடித்தார். இதன் பொருள் என்ன? கணவன் கடவுளே ஆனாலும் கதவைச் சாத்த மனைவிக்கு உரிமை உண்டு. திறக்கும்வரை காத்திருப்பது அவன் கடமை. கோபித்துக்கொள்ளும் வரையில் அன்பு உயிரோடுதான் இருக்கிறது. கோபிக்கவும் மனமில்லாத வீட்டில்தான் அது ஆறிப்போகிறது என்று நான் நினைக்கிறேன்.