பூட்டான்: சிறு படையின் முதற்பணி

பூட்டானுக்கு வான்படை இல்லை. கடலே இல்லாததால் கடற்படையும் இல்லை. இருப்பது சிறு தரைப்படை. அதற்கும் 1960களின் தொடக்கம் முதல், ஹா பள்ளத்தாக்கில் தங்கியுள்ள இந்தியப் படைக்குழுவே பயிற்சி அளித்து வருகிறது. இத்தகைய சார்புடைய படையால் என்ன பயன் என்னும் வினாவுக்கு 2003 டிசம்பர் விடை தந்தது.

தென்பகுதிக் காடுகளில் முகாமிட்டிருந்த உல்ஃபா, போடோ, காம்தாப்பூர் ஆயுதக் குழுக்களை வெளியேற்றப் பல ஆண்டுகள் நடந்த பேச்சுவார்த்தை பயனளிக்கவில்லை. டிசம்பர் 15 அன்று மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் தாமே களத்தில் நின்று நடத்திய தாக்குதலில் 30 முகாம்கள் அழிக்கப்பட்டன. இந்தியப் படை எல்லையில் நின்று, தப்பியோரை வழிமறித்தது.

அண்டைப் பேரரசு உள்ளே நுழையக் காரணம் எழாமற் காப்பதே சிறுநாட்டுப் படையின் முதற்பணி. அதற்காக வீழ்ந்த வீரர்களை தோச்சுலா கணவாயின் 108 தூபிகள் நினைவூட்டுகின்றன.