இரும்பு எங்கே போயிற்று?

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 1.2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரும்பள்ளம் இருக்கிறது. ஆழம் 170 மீட்டர். சுற்றிலும் விண்கல் இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அப்படியானால் பள்ளத்தை உண்டாக்கியதும் விண்கல்தானா? இதைப் பார்த்து வர 1891இல் கிளம்பினார் குரோவ் கார்ல் கில்பர்ட். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமை நிலவியலாளர். அவர் சொல்லுக்கு அன்று மறுபேச்சு கிடையாது.

கில்பர்ட் இரண்டு சோதனைகள் வைத்தார். விழுந்த இரும்பு அடியில் புதைந்திருந்தால் காந்த முள் திரும்ப வேண்டும். அது இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால், கரையில் குவிந்த கல்லையும் மண்ணையும் வாரிப் பள்ளத்தில் கொட்டிய பிறகும் மிச்சம் இருக்க வேண்டும். அளந்து பார்த்தார். மிச்சமே இல்லை, முள்ளும் அசையவில்லை. பூமிக்கடியில் நீராவி வெடித்துக் கிளம்பிய பள்ளம் என்று முடிவு கட்டிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டே வாஷிங்டனில் தொலைநோக்கி வழியே நிலவை ஆராய்ந்த இதே மனிதர், அங்குள்ள பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று வாதிட்டார். அவை எரிமலை வாய்கள் என்றே பலரும் நம்பிய காலம் அது. அரசாங்க ஊழியர் ராத்திரியெல்லாம் நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அமெரிக்கக் காங்கிரஸில் கேலி வேறு!

டேனியல் பாரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர் விண்கல் கட்சி. 1903இல் கம்பெனி தொடங்கித் துளை போட ஆரம்பித்தார். கால் நூற்றாண்டு தோண்டியும், எதிர்பார்த்த இரும்பு மலை அகப்படவில்லை. காரணத்தை 1929இல் வானியலாளர் மோல்டன் கணக்குப் போட்டுச் சொன்னார்: அவ்வளவு வேகத்தில் மோதும் கல் புதைவதில்லை, பெரும்பகுதி ஆவியாகிவிடும். அதே ஆண்டு நவம்பரில் பாரிங்கர் மாரடைப்பால் இறந்தார். எதிரெதிர்க் கட்சியில் நின்றாலும், கல் அடியில் இருந்தாக வேண்டும் என்று நம்பியதில் கில்பர்ட்டும் அவரும் ஒன்றுதான்.

சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு கனிமம். 1960இல் எட்வர்ட் சாவோ, யூஜின் ஷூமேக்கர் குழுவினர் இந்தப் பள்ளத்தின் மணற்கல்லில் கோயசைட் இருப்பதைக் கண்டார்கள். குவார்ட்ஸ் பேரழுத்தத்தில் நசுங்கினால்தான் கோயசைட் ஆகும். நீராவி வெடிப்புக்கு அந்த வலு கிடையாது. பின்னாளில் அப்போலோ விண்வெளி வீரர்களை ஷூமேக்கர் இதே பள்ளத்துக்குக் கூட்டிவந்து பாடம் நடத்தினார்.

மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியையும் வெகுகாலம் எரிமலை வாய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.