மத்தி விட்டுச்சென்ற கூடங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் அட்லாண்டிக் கடலுக்குள் நீளும் கார்ன்வால் தீபகற்பத்தின் வட கரையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ், ஏறத்தாழ 11,000 பேர் மட்டுமே வாழும் சிறு துறைமுக ஊராக இருந்தும், 20ஆம் நூற்றாண்டின் நவீன ஓவிய, சிற்ப வரலாற்றில் பெருநகரங்களுக்கு நிகரான இடத்தைப் பெற்றிருக்கிறது. கடலை மும்முகமாகக் கொண்ட நிலமுனையில் நீரிலும் வெளிர் மணலிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியே கலைஞர்களை அங்கே இழுத்தது என்பது வழக்கமான விளக்கம். அது பொய்யன்று, ஆனால் போதுமானதுமன்று. ஒளியைத் தேடி வந்தவர்கள் தங்கி வேலை செய்ய இடம் வேண்டியிருந்தது, அந்த இடத்தை விட்டுச்சென்றது மத்தி மீன்.

தமிழகக் கரையில் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீனின் உறவினமான பில்ச்சர்டு, நூற்றாண்டுகளாக இவ்வூரின் பிழைப்பாக இருந்தது. குன்றின்மேல் நின்று கடல்நீரின் நிறமாற்றத்தைக் கவனித்து மீன்கூட்டத்தின் வருகையை அறிவிக்கும் காவலருக்கு ஹூயர் என்று பெயர்; அவர் 'ஹெவ்வா' என்று குரலெழுப்பி, இரு கைகளாலும் சைகை காட்டிப் படகுகளைத் திசை திருப்ப, படகோட்டிகள் பெருவலையால் கூட்டத்தைச் சுற்றி வளைத்தனர். கரைக்கு வந்த மீனைப் பெண்கள் உப்போடு மாற்றி மாற்றி அடுக்கிச் சில வாரங்கள் பதப்படுத்திய பின், பீப்பாய்களில் அழுத்தி எண்ணெயை வடித்தனர். எண்ணெய் விளக்கெரிக்கப் பயன்பட்டது. மீனோ பெரும்பாலும் இத்தாலியத் துறைமுகங்களுக்குச் சென்றது, ஏனெனில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் கத்தோலிக்கர் இறைச்சியை விலக்கி மீனை உண்டனர். கத்தோலிக்கச் சடங்குகளை ஒப்பாத மெதடிஸ்ட் திருச்சபையினர் நிறைந்த ஊர், அதே கத்தோலிக்க நோன்பினால் வாழ்ந்தது என்பது வரலாற்றின் குறும்பு. எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1767-1770இல் எழுப்பிய அலைதடுப்புத் துறையின் நிழலில் இத்தொழில் வளர்ந்தது. அதற்கேற்ப, 'டவுனலாங்' எனப்படும் மீனவர் பகுதியில் கீழ்த்தளம் மீன் பதப்படுத்தும் கூடமாகவும் மேல்தளம் குடியிருப்பாகவோ வலை உலர்த்திச் செப்பனிடும் பரணாகவோ அமைந்த கட்டடங்கள் நெருங்கி எழுந்தன.

1877ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் செயின்ட் எர்த்திலிருந்து இங்கே திறக்கப்பட்ட கிளை ரயில் பாதை, ஏழடி அகலத் தண்டவாளத்தில் நாட்டில் கடைசியாக இடப்பட்ட பயணிகள் பாதைகளுள் ஒன்று. மீனை விரைவாகச் சந்தைக்கு அனுப்ப உதவிய இப்பாதை, எதிர்த்திசையில் விருந்தாளிகளைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ரயில் நிறுவனம் ட்ரெகென்னா மாளிகையை விடுதியாக்கியதிலிருந்து, அதன் கணக்கு எத்திசையில் ஓடியது என்பது புலப்படும். 1884இன் குளிர்காலத்தில் ஓவியர் விஸ்லர் தம் மாணவர் சிக்கர்ட்டுடன் வந்து தங்கினார். மத்திக் கூட்டங்களின் வரவு குறைந்து, வலை வளைப்புத் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தபோது, காலியான வலைப் பரண்கள் குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. நிழல் நகராத சீரான வெளிச்சத்துக்காக ஓவியர் நாடும் வடதிசைச் சாளரங்களை, வடக்கே கடலை நோக்கிய போர்த்மியோர் கரைக் கட்டடங்களில் எளிதாகத் திறக்க முடிந்தது.

மீன்பிடி, ஓவியம் ஆகிய இவ்விரு உலகங்களையும் தம் ஒருவரிலேயே கொண்டவர் ஆல்ஃபிரட் வாலிஸ். கடலோடியாக இருந்து, பின்னர் பழைய கப்பல் சாமான்களை வாங்கி விற்ற அவர், மனைவி இறந்த பின் எழுபது வயதளவில், எவரிடமும் பயிலாமல் ஓவியம் தீட்டத் தொடங்கினார். மளிகைக் கடையில் கிடைத்த அட்டைத் துண்டுகளே அவருக்குத் திரை, படகுக்குப் பூசும் சாயமே வண்ணம். 1928இல் ஊரைக் காண வந்த ஓவியர்கள் பென் நிக்கல்சனும் கிறிஸ்டோபர் வுட்டும் அவர் வீட்டுத் திறந்த கதவின் வழியே அப்படங்களைக் கண்டனர். தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரியவேண்டும் என்ற விதியைப் பொருட்படுத்தாமல், தமக்கு முக்கியமான கப்பலைப் பெரிதாக வரைந்த அம்முறை, நவீன ஓவியர்கள் அறிவால் தேடியதை அனுபவத்தால் எட்டியிருந்தது. அவர் தீட்டியதோ, நீராவிக்கும் இயந்திரத்துக்கும் முந்தைய பாய்மரக் காலத்தை. அதாவது, ஓவியர்கள் வருவதற்காக மறைந்து வழிவிட்ட ஊரை. புகழ் பரவியும் வறுமை நீங்காமல் 1942இல் மேட்ரன் ஏழையர் இல்லத்தில் அவர் இறந்தார். அவருடைய கல்லறைக்கு ஓடுகள் செய்தவர், 1920இல் ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியுடன் வந்து இவ்வூரில் மண்பாண்டச் சாலை நிறுவிய பெர்னார்ட் லீச்.

போர் மூண்ட 1939இல் கணவர் நிக்கல்சனுடனும் குழந்தைகளுடனும் வந்த சிற்பி பார்பரா ஹெப்வொர்த், 1975இல் தீவிபத்தில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் முன் நிற்கும் அவருடைய வெண்கலச் சிற்பத்தின் முன்மாதிரி, இவ்வூரில் முன்பு நடன அரங்காக இருந்த கட்டடத்தில் உருவானது. 1993இல் திறக்கப்பட்ட டேட் கலைக்கூடமும் பழைய எரிவாயு ஆலையின் மனையில்தான் எழுந்தது. அதன் வட்ட முகப்பு அங்கிருந்த வாயுத் தொட்டியின் வடிவை நினைவுறுத்துகிறது.

கலைக்கூடம் பயணிகளைப் பெருக்கியது. பயணிகள் வீட்டு விலையைப் பெருக்கினர். மீனவர் வீடுகள் விடுமுறை விடுதிகளாகவும், வேறு ஊரில் வாழும் செல்வரின் இரண்டாம் வீடுகளாகவும் மாறிய நிலையில், 2016 மே மாதத்தில் நடந்த உள்ளூர் வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்போரே வாழவேண்டும் என்ற விதியை ஆதரித்தனர். விதி பழைய வீடுகளைத் தொடாததால் டவுனலாங்கின் நிலைக்கு அது மருந்தாகவில்லை. போர்த்மியோர் கூடங்களின் கதை வேறு: 1949இல் ஓவியர் போர்லேஸ் ஸ்மார்ட்டின் நினைவாக அமைந்த அறக்கட்டளை அவற்றை விலைக்கு வாங்கிச் சந்தைக்கு வெளியே நிறுத்திவிட்டதால், இன்றும் மேல்தளத்தில் ஓவியரும் கீழ்த்தளத்தில் வலைகளோடு மீனவரும் தத்தம் வேலையைச் செய்கின்றனர்.