அனுமதி மறுக்கப்பட்டது: இரண்டு கேள்விகளின் வரலாறு

நாங்கள் மூன்று பேர், கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவர்கள், போன வருடம் கொழும்பில் ஒரு கம்பனிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தோம். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. பழைய கடிதங்களை ஸ்கேன் பண்ணி, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்து, கம்பனியின் உள்வலைச் சேர்வரில் ஏற்றவேண்டும். உள்வலை எண்டால் நாங்கள் எல்லாரும் பாவிக்கிற இன்ரர்நெற் இல்லை. கம்பனிக்குள்ளேயே ஓடுகிற, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமான வலை.

இரண்டாவது கிழமை எங்கட சிநேகிதியின் மடிக்கணினியில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தாள். திரும்பவும் கேட்டது. மூன்றாம் முறைக்குப் பிறகு 401 எண்டு ஒரு இலக்கத்தோடு வெள்ளைப் பக்கம் வந்தது. “பிள்ளை, நீர் பிழையா அடிக்கிறீர்” என்றார் மேற்பார்வையாளர். புதுப் பாஸ்வேர்ட் போட்டுத் தந்தார்கள். அதுவும் சரிவரவில்லை. இரண்டு நாள் அவள் வேலை இல்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள் ஐ.ரி. அண்ணா வந்து திரையின் மூலையைப் பார்த்தார். மணிக்கூடு 40 நிமிசம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தைச் சரியாக்கினார். பக்கம் உடனே திறந்தது.

அதோடு முடியவில்லை. பக்கம் திறந்தாலும், கடிதங்களைப் போடவேண்டிய ஃபோல்டர் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது. அண்ணா அவளின் பெயரை உரிய குழுவில் சேர்த்தார். அப்பவும் அதே பதில். பின்னேரம் ஐந்து மணி, அவருக்கு பஸ் பிடிக்கவேண்டும். “இப்போதைக்கு எல்லாருக்கும் திறந்து விடுறன், நாளைக்குப் பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு யாரும் பார்க்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, அதே ஃபோல்டருக்குள் கிடந்த சம்பளப் பட்டியலை அலுவலகமே பார்க்கலாம் என்பது தெரியவந்தது. அனுமதி கேட்டவள் எங்கட சிநேகிதி. ஆகவே விளக்கக் கடிதமும் அவளிடம்தான் கேட்கப்பட்டது.

அந்தக் கடிதத்தை எழுத உதவப் போய்த்தான் நாங்கள் இந்தக் கதைக்குள் விழுந்தோம். தேடத்தேட ஒரு விசயம் விளங்கியது. அவளுக்கு வந்த இரண்டு பிரச்சினைகளும் ஒன்றில்லை. சேர்வர் எப்போதும் இரண்டு கேள்விகள் கேட்கிறது. முதலாவது, “நீர் யார்?” இரண்டாவது, “உமக்கு இதைத் தரலாமா?” இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில் வந்த பிழைகள் ஏறத்தாழ அறுபது வருடங்களாகத் தொடர்கின்றன.

பூட்டு வந்த கதை

1950களில் கணினிக்கு இந்தக் கேள்விகள் தேவைப்படவில்லை. துளையிட்ட அட்டைக் கட்டை இயக்குநரிடம் கொடுப்பீர்கள், உங்கள் முறை வரும்வரை காத்திருப்பீர்கள், அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு போவீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஆளை அடையாளம் காண்பது மனிதரின் வேலையாக இருந்தது.

அதை மாற்றியது அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவரது குழுவும் உருவாக்கிய நேரப்பகிர்வு முறை. சி.ரி.எஸ்.எஸ். என்று பெயர். 1961 நவம்பரில் முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். ஒரே கணினியை வெவ்வேறு முனையங்களில் இருந்து ஒரே நேரத்தில் பலர் பாவிக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஃபைல்கள், தனித்தனி நேர ஒதுக்கீடு. இப்போதுதான் எதிரே யார் இருக்கிறார் என்று கணினி கேட்கவேண்டி வந்தது. ஆளுக்கொரு பாஸ்வேர்ட் என்பது அவர்களுக்கு மிகச் சாதாரணமான தீர்வாகத் தோன்றியது. அரை நூற்றாண்டு கழித்து, 2014இல் ஒரு செவ்வியில், உலகளாவிய வலை வந்தபிறகு இந்தப் பாஸ்வேர்ட் ஒரு கெட்ட கனவு மாதிரி ஆகிவிட்டது என்று அதே கோர்பட்டோ சொன்னார்.

கெட்ட கனவு தொடங்க அவ்வளவு காலம் எடுக்கவில்லை. 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான் கணினி நேரம் கிடைத்தது. அவரது ஆய்வுக்கு அது போதவில்லை. ஒரு ஃபைலை அச்சடித்துத் தரும்படி அட்டை மூலம் கோரிக்கை கொடுக்கும் வழி ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாஸ்வேர்ட்கள் இருந்த ஃபைலின் பெயரையே எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை காலை போய் எல்லாருடைய பாஸ்வேர்ட்டும் அடங்கிய தாளை எடுத்துக்கொண்டு வந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே இதை வெளியில் சொன்னார்.

இங்கே முதல் கேள்வி ஒழுங்காகக் கேட்கப்பட்டது. முனையத்தில் உட்காருகிற ஒவ்வொருவரும் தான் யார் என்று சொல்லியாகவேண்டும். ஆனால் அச்சுக்குப் போகிற பாதையில் “இந்த ஆளுக்கு இந்த ஃபைலைத் தரலாமா?” என்று கேட்க எவரும் இல்லை. முன்வாசலில் பெரிய பூட்டு, பின்வாசல் ஆவென்று திறந்து கிடந்தது.

இரண்டாவது சம்பவம் 1960களின் நடுப்பகுதியில் நடந்தது. உள்நுழைகிற எல்லாருக்கும் அன்றைய அறிவித்தல் ஒன்று திரையிடப்படும். ஒருநாள் அந்த அறிவித்தலுக்குப் பதிலாக முழுப் பாஸ்வேர்ட் பட்டியலும் வந்து விழுந்தது. நிர்வாகிகளில் ஒருவர் அறிவித்தலையும் இன்னொருவர் பாஸ்வேர்ட் ஃபைலையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். திருத்தும் மென்பொருள் தற்காலிகமாக எழுதும் ஃபைலுக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். இரண்டும் இடம்மாறிப் போயின.

அந்த மென்பொருளை எழுதியவர் முட்டாள் இல்லை. ஒரு ஃபோல்டரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி எழுதினார். அப்போது அதுதான் விதி. பிறகு வேலை கூடியதால், நிர்வாகிகள் பலர் ஒரே ஃபோல்டரைப் பாவிக்கலாம் என்று சலுகை கொடுத்தார்கள். விதியைத் தளர்த்தியபோது, அந்த விதியை நம்பி என்னென்ன கட்டப்பட்டிருக்கின்றன என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கட கம்பனியில் அந்த ஐந்து மணிக்கு நடந்ததும் இதுதான்.

மூன்று இலக்கங்கள்

அடுத்த பெரிய அடி பெல் ஆய்வுகூடத்தில். கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யுனிக்ஸ் இரண்டாவது கேள்விக்கு ஒரு சுருக்கமான பதில் வைத்திருந்தது. அது வளர்ந்து இன்று நாங்கள் அறிந்த வடிவத்தை எடுத்தபோது, ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று வகை ஆட்கள்: உரிமையாளர், குழு, மற்ற எல்லாரும். ஒவ்வொரு வகைக்கும் மூன்று உரிமைகள்: வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. எல்லாம் உண்டெண்டால் 7. ஆக 777 என்றால் யார் வந்தாலும் எதையும் செய்யலாம்.

சேர்வரில் ஏதாவது வேலை செய்யாவிட்டால் “777 போட்டுப் பாரும்” என்பது இன்றும் கேட்கக்கூடிய அறிவுரை. பிரச்சினை தீர்ந்தது மாதிரி இருக்கும். உண்மையில் அங்கே நடப்பது இரண்டாவது கேள்வியையே கேட்காமல் விடுவது. சிலவேளை பிழை அந்த ஃபைலில் இருப்பதே இல்லை. யுனிக்ஸில் ஒரு ஃபைலை அடைய அதற்கு மேலே இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழையும் உரிமை வேண்டும். வீட்டு அறைக் கதவு திறந்திருந்தாலும் கேற் பூட்டியிருந்தால் உள்ளே போகமுடியாது. விண்டோஸ் சேர்வரிலும் இப்படித்தான். வலை வழியாகப் பகிர்ந்த ஃபோல்டருக்கு ஒரு அனுமதி, வட்டில் இருக்கிற ஃபோல்டருக்கு இன்னொரு அனுமதி. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும்.

முதல் கேள்வியின் பலவீனத்தையும் பெல் ஆய்வுகூடமே அளந்து காட்டியது. ரொபர்ட் மொரிஸும் தொம்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், பாவனையாளர்களிடமிருந்து திரட்டிய 3,289 பாஸ்வேர்ட்களில் 2,831 மிகக் குறுகியவையாகவோ அகராதி, பெயர்ப் பட்டியல் போன்றவற்றில் அகப்படுபவையாகவோ இருந்தன என்று காட்டினார்கள். ஒரேயொரு எழுத்தைப் பாஸ்வேர்ட்டாக வைத்தவர்களே 15 பேர்!

இதே காலத்தில் எம்.ஐ.ரி.யைச் சேர்ந்த ஜெரோம் சோல்ட்சர் 1974இலும், மைக்கல் ஷ்ரோடருடன் சேர்ந்து 1975இலும் எழுதியவை எங்களுக்கு முக்கியமாகப் பட்டன. ஒருவருக்கு அவரின் வேலைக்குத் தேவையான அளவு உரிமைதான் கொடுக்கவேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவற்றில் ஒரு கொள்கை. இன்னொன்று, தொடக்கநிலை ‘இல்லை’ என்றே இருக்கவேண்டும், காரணம் இருந்தால்தான் ‘ஆம்’ ஆகவேண்டும் என்பது. இது சந்தேகப்புத்தியில் சொன்னது இல்லை. தவறுதலாக மறுத்தால் பாதிக்கப்பட்டவர் வந்து சொல்லுவார், உடனே திருத்தலாம். தவறுதலாகத் திறந்துவிட்டால் ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள். சம்பளப் பட்டியல் இரண்டு கிழமை அப்படித்தான் திறந்து கிடந்தது.

மூன்று தலை நாயும் மணிக்கூடும்

அப்ப மணிக்கூடு ஏன் இடையில் வந்தது? 1983இல் எம்.ஐ.ரி. ‘அதீனா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கணினிகள், எந்த மாணவரும் எந்தக் கணினியிலும் உட்காரலாம். பாஸ்வேர்ட்டை வலை வழியாக அனுப்பினால் இடையில் எவராவது ஒட்டுக்கேட்கலாம். அதற்காக உருவானதுதான் கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கிற மூன்று தலை நாயின் பெயர்.

அதன் வழி இப்படி. நீங்கள் ஒருமுறை உங்களை நிரூபித்தால், நம்பிக்கைக்குரிய ஒரு சேர்வர் உங்களுக்கு ரிக்கற் தரும். பிறகு ஒவ்வொரு வாசலிலும் பாஸ்வேர்ட்டைக் காட்டாமல் ரிக்கற்றைக் காட்டலாம். அதை யாராவது பிரதிபண்ணிப் பிறகு பாவிக்காமல் இருக்க, காட்டும்போது நேரமும் பதியப்படும். சேர்வரின் நேரத்துக்கும் உங்களுடையதுக்கும் வழமையாக 5 நிமிசத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நாய் உள்ளே விடாது. மைக்ரோசொஃப்ற் விண்டோஸ் 2000இலிருந்து இந்தக் கெர்பரோஸைத்தான் அலுவலக வலைகளுக்கு வழமையான முறையாக்கியது. பாஸ்வேர்ட்டைச் சரியாக அடித்தும் எங்கட சிநேகிதி இரண்டு நாள் வெளியில் நின்றது 1980களில் எடுத்த ஒரு நல்ல முடிவினால்.

குழுவில் சேர்த்தும் ஃபோல்டர் திறக்காததுக்கும் இதைப்போல ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதை உள்நுழைகிற நேரத்தில்தான் குறித்துக்கொள்கிறது. நடுவில் பெயரைச் சேர்த்தால் அது தெரியவராது. அவள் ஒருக்கால் வெளியேறித் திரும்ப உள்நுழைந்திருந்தால் போதும். ஒரு நிமிச வேலை. எல்லாருக்கும் திறந்துவிட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இனி அந்த 401. 1996இல் வெளியான வலை நெறிமுறை ஆவணத்திலேயே 401, 403 இரண்டும் இருக்கின்றன. 401 எண்டால் ‘நீர் யார் என்பது இன்னும் எனக்கு நிரூபிக்கப்படவில்லை’. 403 எண்டால் ‘விளங்குது, ஆனால் தரமாட்டேன்’. முதலாவது கேள்வி, இரண்டாவது கேள்வி. ஆனால் 401க்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரோ ‘அதிகாரமளிக்கப்படாதவர்’ என்று பொருள்படும். அது இரண்டாவது கேள்விக்குரிய சொல். குழப்பம் பெயரிலேயே நிரந்தரமாகிவிட்டது.

பிழை யாருடையது

உள்வலையில் மாட்டிக்கொள்கிறவர்கள் முதலில் கேட்கவேண்டியது எந்தக் கேள்வியில் நிற்கிறோம் என்பதுதான். 401 என்றாலோ, பாஸ்வேர்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, மணிக்கூட்டைப் பாருங்கள், பாஸ்வேர்ட் காலாவதியா, கணக்கு பூட்டுப்பட்டதா என்று பாருங்கள். 403, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றால் பாஸ்வேர்ட்டை மாற்றிப் பிரயோசனமில்லை. குழுவைப் பாருங்கள், வெளியேறித் திரும்ப நுழையுங்கள், மேலே இருக்கிற ஃபோல்டர்களைப் பாருங்கள். ‘எல்லாருக்கும்’ என்பதைத் தொடவேண்டாம்.

ஐ.ரி. அண்ணாவில் எங்களுக்குக் கோபமில்லை. அவ்வளவு பேருக்கும் அவர் ஒருவர்தான். எம்.ஐ.ரி.யின் கெட்டிக்காரர்களே பாஸ்வேர்ட் பட்டியலை எல்லாருக்கும் காட்டியவர்கள். கோர்பட்டோ அந்தப் பிழையை மறைக்கவில்லை, ரியூரிங் விருது உரையில் தானே எடுத்துச் சொன்னார். இளையவர் ஒருவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி அவர் அதை முடித்துவைக்கவில்லை. எந்த விதி எப்போது தளர்ந்தது என்று சொன்னார். ஒரு பிழையிலிருந்து படிக்கிறது எண்டால் அதுதான் எண்டு எங்களுக்குப் படுகிறது.

சிநேகிதியின் கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல்லை நாங்கள் எழுதவிடவில்லை. நடந்ததைத் திகதி, நேரத்தோடு வரிசையாக எழுதினோம். மணிக்கூடு, குழு, ஐந்து மணி பஸ், எல்லாருக்கும் திறந்தது. கடைசியில் “அந்த ஃபோல்டரின் அனுமதிகளைத் தயவுசெய்து திரும்பப் பாருங்கள்” என்று ஒரு வரி. பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அடுத்த கிழமை அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தபோது, சம்பளப் பட்டியல் அங்கே இல்லை. எங்கட ஸ்கேன் பண்ணின கடிதங்கள் மட்டும் இருந்தன.