நற்செயலுக்கு எந்த இடம்? நீதிமானாக்கப்படுதல் பற்றிய விவாதம், 1517–1577

16ஆம் நூற்றாண்டில் மேற்குத் திருச்சபை பிளவுபட்ட கதை பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லப்படுகிறது: கத்தோலிக்கர் செயலால் மீட்பு என்றனர், சீர்திருத்தத்தார் விசுவாசத்தால் மீட்பு என்றனர். அக்கால ஆவணங்களை வரிசைப்படுத்திப் படித்தால் இந்தச் சுருக்கம் நிலைக்காது. நற்செயல் வேண்டுமா, வேண்டாமா என்பதில் இரு தரப்புக்கும் வழக்கில்லை. விசுவாசிக்கும் மனிதனின் செயலுக்கு மீட்பில் எந்த இடம் என்பதே வழக்கு.

மனித முயற்சி தன் பலத்தால் மீட்பைத் தொடங்க முடியாது என்பது சீர்திருத்தத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முன்பே முடிவான செய்தி. முடியும் என்ற பெலாஜியுஸின் போதனையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கம்கூட அருளின் கொடைதான் என்று 529இல் ஆரஞ்சு நகரச் சங்கம் தீர்மானித்தது. ஆனால் பிற்கால இடைக்கால இறையியலாளர்களுக்கு ஆரஞ்சுத் தீர்மானங்கள் எட்டவில்லை. பக்தி நடைமுறையோ வேறு திசையில் வளர்ந்தது. கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுபலன்கள் திருச்சபையின் கருவூலமாக உள்ளன என்ற கருத்தைத் திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் 1343இல் உறுதிசெய்தார். பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் சலுகைகள் இந்த அடிப்படையில் வழங்கப்பட்டன. ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்காக ஜெர்மானிய நாடுகளில் பிரசங்கி டெட்செல் இச்சலுகைகளைப் பணத்துக்கு வழங்கியதே 1517இல் லூத்தரின் 95 கருத்துரைகளுக்குக் காரணமாயிற்று.

எனவே லூத்தர் எதிர்த்தது நற்செயலை அன்று, செயலைக் கொடுத்து மீட்பைப் பெறலாம் என்ற கணக்கை. நற்செயல்களைப் பற்றியே 1520இல் அவர் தனி நூல் எழுதினார். 1523இல் லைஸ்னிக் ஊரார் வகுத்த பொதுநிதித் திட்டத்துக்கு முன்னுரையும் தந்தார். ஆலயச் சொத்தின் வருமானத்தையும் காணிக்கையையும் ஒன்றாக்கிப் போதகர், பள்ளி, ஏழைகள், அநாதைகள் ஆகியோருக்குச் செலவிடுவது அதன் நோக்கம். நகரமன்றத்தின் இழுபறியால் திட்டம் தடுமாறியது. எனினும் சிந்தனை மாறிய திசையை அது காட்டுகிறது. தன் ஆன்மாவின் நலனுக்காகச் செய்யப்பட்ட தருமம், இப்போது அயலாரின் தேவைக்காகச் செய்யப்பட வேண்டியதாயிற்று. பேறு கிடைக்காதென்றால் யார் நன்மை செய்வார்கள் என்ற மறுப்பு அன்றே எழுந்தது. லூத்தர் தரப்பின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை (1530) தன் 20ஆம் பிரிவில் இதற்கு விடை சொல்கிறது: விசுவாசம் இதயத்தைப் புதுப்பிப்பதால், நற்செயல் அதிலிருந்து பிறந்தே தீரும்.

இரு தரப்பும் எவ்வளவு நெருங்க முடிந்தது என்பதற்கு 1541ஆம் ஆண்டின் ரேகன்ஸ்பர்க் பேச்சுவார்த்தை சான்று. கர்தினால் கொந்தாரீனி திருத்தந்தையின் தூதராக இருக்க, சீர்திருத்தத் தரப்பின் மெலாங்க்தன், பூசர், கத்தோலிக்கத் தரப்பின் எக் முதலியோர் நீதிமானாக்கப்படுதல், அதாவது மனிதன் கடவுள்முன் நீதியுள்ளவனாவது, பற்றிய பிரிவில் உடன்பட்டனர். நற்கருணை, திருச்சபை அதிகாரம் போன்றவற்றில்தான் பேச்சு முறிந்தது. உடன்பட்ட பிரிவையும் ரோமோ லூத்தரோ ஏற்கவில்லை. 1547 ஜனவரி 13 அன்று திரெந்துப் பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணையின் 33 விதிகளில் முதலாவதே, அருளின்றித் தன் செயலால் மட்டும் நீதிமானாகலாம் என்போரைக் கண்டிக்கிறது. உண்மையான வேறுபாடு 24ஆம் விதியில் இருக்கிறது. நற்செயல்கள் பெற்றுக்கொண்ட நீதியின் கனிகள் மட்டுமே, அந்நீதி வளரக் காரணமல்ல என்போரையும் சங்கம் கண்டித்தது. கனியா, வளர்ச்சிக்குக் காரணமுமா? இரு தரப்புக்கும் இடையே நின்ற கேள்வி இதுதான்.

லூத்தரன்களுக்குள்ளேயே இக்கேள்வி அடங்கவில்லை. மீட்புக்கு நற்செயல் அவசியம் என்றார் கேயார்க் மாயோர். அது மீட்புக்குக் கேடு என்னும் எல்லைவரை போனார் நிக்கோலாஸ் ஆம்ஸ்டார்ஃப். 1577இல் உருவான இணக்க அறிக்கை இரண்டையும் தள்ளியது: விசுவாசிக்கு நற்செயல் கடமை, ஆனால் மீட்பு அதைச் சார்ந்ததன்று. செயலை முற்றிலும் ஒதுக்குவது சீர்திருத்தத்தின் முடிவு அல்ல, லூத்தரன் சபையே மறுத்த கருத்து என்பது இதிலிருந்து தெளிவு.

செயலின்றி விசுவாசத்தால் நீதி என்ற பவுலும் செயலாலும் நீதி என்ற யாக்கோபும் முரண்படுகையில் இந்த வாதம் வேதத்தில் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். இருவரும் ஆபிரகாமையே காட்டுகின்றனர். பவுல், வாக்குத்தத்தத்தை நம்பிய தொடக்க ஆபிரகாமைக் காட்டுகிறார். யாக்கோபு, மகனைப் பலியிடத் துணிந்த பிற்கால ஆபிரகாமைக் காட்டுகிறார். யாக்கோபு கண்டிப்பது பேய்களுக்கும் உள்ள வெறும் அறிவை. பவுல் கலாத்தியருக்கு வலியுறுத்துவதோ அன்பின் வழியே செயல்படும் விசுவாசத்தை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்கில் கத்தோலிக்கரும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கையெழுத்திட்ட, நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கை இந்தப் புரிதலின் மேல் நிற்கிறது. அது வெறும் சமரசம் என்று ஜெர்மானிய இறையியல் பேராசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் எதிர்த்தனர். பேறுபலன் பற்றிய வேறுபாடு முற்றிலும் நீங்கவில்லை என்ற அளவில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் அந்த வேறுபாடு, அருளை முதன்மையாக ஏற்ற இரு மரபுகளுக்கு இடையிலானது. செயலை மட்டும் நம்பிய ஒரு சபைக்கும் விசுவாசத்தை மட்டும் நம்பிய ஒரு சபைக்கும் நடந்த போராக அதை எழுதும் வரலாறு திருத்தப்பட வேண்டும்.