நோட்டில் இருப்பதும் வாசலில் இருப்பதும்

சாரல் பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் கோலத்துக்கு ஆயுள் கம்மி. அச்சன்புதூரில் ஆனி, ஆடியில் மேற்கே மலை தெரியாது, மேகம்தான் தெரியும். அம்மா விடிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்வதற்குள் குற்றாலத்துப் பக்கமிருந்து ஒரு தூறல் வந்து கரைத்துவிட்டுப் போய்விடும். அம்மா கவலைப்பட்டதில்லை. "போனா போவுது, நோட்டுல இருக்குல்லா" என்பாள்.

கணினியில் படம் எப்படி வாழ்கிறது என்பதன் அடிப்படை அந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. அது எனக்குப் புரிய இருபது வருஷத் தொழிலும் ஒரு பெரிய தவறும் தேவைப்பட்டன.

முதலில் நோட்டைச் சொல்லிவிடுகிறேன். கோடு போடாத நீள்நோட்டு. பக்கத்துக்கு ஒரு கோலம். புள்ளிகள் பென்சிலில், கோடு பெரும்பாலும் நீல மையில். தலைப்பில் ஒரு வரி: "15 புள்ளி, 8 வரை ஊடு." கோலம் தெரிந்தவர்களுக்கு இது போதும். நடு வரிசையில் 15 புள்ளி. மேலும் கீழும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறைத்து, முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வைத்துக்கொண்டே போய் 8இல் நிறுத்த வேண்டும். கூட்டிப் பார்த்தால் 169 புள்ளி. அந்த ஒரு வரிக்குள் 169 புள்ளிகளும் மடிந்து கிடக்கின்றன.

அம்மா போன பிறகு நோட்டு மதினியிடம் வந்தது. தாள் பழுத்துப்போய், மடிப்பில் ஒடியத் தொடங்கியிருந்தது. அதைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று சென்னையிலிருந்து ஒரு ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். என் கணினியில் இருப்பது லினக்ஸ். அண்ணன் வீட்டில் விண்டோஸ். அண்ணன் மகள் வைத்திருப்பது மேக். மூன்றிலும் ஒரே மாதிரி ஓடுகிற ஒரு சின்ன நிரலாவது எழுதினால்தான் எல்லோரும் பார்க்க முடியும். அதற்கு நான் எடுத்துக்கொண்டது டபிள்யூஎக்ஸ்-விட்ஜெட்ஸ் என்ற லைப்ரரி. பைத்தான் மொழியிலிருந்து அதைப் பயன்படுத்தலாம்.

திரையில் தெரியும் படம் என்பது உண்மையில் புள்ளிகளின் அடுக்கு. கறுப்பா வெள்ளையா என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிட்டில் குறித்து வைப்பதால் பிட்மேப் என்று பெயர் வந்தது. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவான ஆல்டோ என்ற கணினியில் திரை முழுவதுமே பிட்மேப்தான். அகலம் 606 புள்ளி, உயரம் 808. அதை நினைவில் வைக்கக் கிட்டத்தட்ட 60 கிலோபைட் வேண்டும். அந்தக் கணினியின் மொத்த நினைவே 128 கிலோபைட். பாதி நினைவைத் திரைக்கே தாரைவார்த்தார்கள்! அன்றைக்கு அது ஊதாரித்தனம். இன்று நாம் பார்க்கும் ஜன்னல், ஐகான், எழுத்து எல்லாம் அந்த ஊதாரித்தனத்தின் வாரிசுகள்.

அதே வருஷங்களில் தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் மூன்று பேர் வேறொரு பக்கமிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன். சொற்களை உருவாக்க இலக்கணம் இருப்பதுபோல் படங்களை உருவாக்கவும் இலக்கணம் எழுத முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. வாக்கியம் ஒரே வரிசையில் ஓடும், படமோ நெடுக்கிலும் குறுக்கிலும் விரியும். ஆகவே வரிசைக்குப் பதில் கட்டம் கட்டமான அணியை எடுத்துக்கொண்டார்கள். 1972இல் அணிகளையும் பட மொழிகளையும் பற்றிய கட்டுரை வந்தது. 1974இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்ற சொல் இருந்தது. ஒரே கோலத்தைச் சின்னதாகவும் பெரிதாகவும் போட முடிகிறதே, அதற்குள் இருக்கும் விதி என்ன என்று பார்த்து, அந்த விதியைக் கணிதமாக எழுதினார்கள்.

கிஃப்ட் சிரோமணி அதோடு நிற்கவில்லை. 1978இல் அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காண்பது பற்றி இருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முறை எளிமையானது. ஒவ்வொரு எழுத்தையும் ஒன்றும் சுழியமுமான அணியாக்கி, அந்த அணியை ஒரு சரமாக மாற்றி, சரங்களின் அகராதியில் தேடுவது. ‘அ’ என்ற எழுத்து அங்கே ஒரு புள்ளிக் கட்டம். பிராமி எழுத்துக்கும் பின்னால் இதேபோல் முயன்றார்கள். பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை இன்று சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். அந்தச் சாலையில் முதல் கற்களை நட்டவர்களில் தாம்பரத்துக்காரர்களும் உண்டு.

திரைக்குத் திரும்புகிறேன். 1984இல் மேக்கின்டோஷ் 512 க்கு 342 புள்ளித் திரையோடு வந்தது. அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் யூனிக்ஸ் கணினிகளுக்கான எக்ஸ் விண்டோ அமைப்பு தொடங்கியது. 1985இல் விண்டோஸ் வந்தது. மூன்றுக்கும் படம் என்றால் புள்ளி அடுக்குதான், ஆனால் அடுக்கும் முறை வேறு. விண்டோஸின் பிஎம்பி கோப்பு வழக்கமாகப் படத்தைக் கடைசி வரிசையிலிருந்து மேல்நோக்கி எழுதும், நிறத்தை நீலம், பச்சை, சிவப்பு என்று அடுக்கும். மற்றவர்கள் மேலிருந்து கீழே வருவார்கள், சிவப்பில் தொடங்குவார்கள். ஒரு ஊர்க்காரி கோலத்தை நடுவில் தொடங்குவாள், இன்னொருத்தி ஓரத்தில் தொடங்குவாள், அப்படித்தான்.

இதைவிட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. எக்ஸ் விண்டோவில் நிரல் ஒரு கணினியில் ஓடலாம், அதன் திரை இன்னொரு கணினியில் இருக்கலாம். ஆகவே படத்துக்கு இரண்டு இருப்பிடம் தேவைப்பட்டது. நிரலின் நினைவில் இருப்பது ‘இமேஜ்’. அதன் எந்தப் புள்ளியையும் தொட்டுப் பார்க்கலாம், மாற்றலாம். திரையை ஆளும் பக்கத்தில் இருப்பது ‘பிக்ஸ்மேப்’. சட்டென்று வரையலாம், ஆனால் உள்ளே கை விடுவது சிரமம். விண்டோஸும் தன் வழியில் இதே முடிவுக்கு வந்து, கருவியைச் சார்ந்த பிட்மேப், சாராத பிட்மேப் என்று இரண்டு வைத்துக்கொண்டது.

1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டு நிலையத்தில் இருந்த ஜூலியன் ஸ்மார்ட்டுக்கு ஒரே நிரல் யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஓட வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் டபிள்யூஎக்ஸ்-விண்டோஸ். டபிள்யூ என்றால் விண்டோஸ், எக்ஸ் என்றால் எக்ஸ் விண்டோ. 2004இல் மைக்ரோசாஃப்ட் வணிகப் பெயர் தொடர்பாகக் கேட்டுக்கொண்டதால் விட்ஜெட்ஸ் என்று பெயர் மாறியது. ஒலிப்பதிவைத் திருத்துகிறவர்கள் பயன்படுத்தும் ஆடாசிட்டி இதில் எழுதப்பட்டதுதான்.

இந்த லைப்ரரியில் அந்த இரண்டு இருப்பிடங்களும் இரண்டு வகைகளாக வந்துவிட்டன. ‘இமேஜ்’ எந்தக் கணினிக்கும் பொது. மேலிருந்து கீழாக, ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். வேறு ரகசியம் இல்லை. ‘பிட்மேப்’ அந்தந்தக் கணினியின் சொத்து. விண்டோஸில் விண்டோஸ் வைப்பதுபோல், மேக்கில் மேக் வைப்பதுபோல். திரையில் வரைய வேண்டுமென்றால் இமேஜை பிட்மேப்பாக மாற்றித்தான் வரைய வேண்டும். நிரலின் ஜன்னல் வேலை தொடங்கும் முன்பே பிட்மேப் கேட்டால் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். வாசல் தெளிக்காமல் கோலம் போட முடியாது என்பது மாதிரி.

அம்மாவின் நோட்டுதான் இமேஜ். வாசலில் போடுவது பிட்மேப். நோட்டில் இருப்பது எந்த வாசலுக்கும் பொது. வாசலில் விழுவதோ அந்த வாசலின் அகலத்துக்கு, அன்றைய மாவுக்கு, அன்றைய வானத்துக்குக் கட்டுப்பட்டது. அது கரையலாம், தப்பில்லை. வாசலைப் பார்த்து நோட்டைத் திருத்தத்தான் கூடாது.

நான் அதைத்தான் செய்தேன்.

ஸ்கேன் செய்தது அங்குலத்துக்கு 300 புள்ளியில். ஏ4 அளவுக்கு 2480 க்கு 3508. மூன்று பைட் வீதம் பக்கத்துக்கு 26 மெகாபைட். அவ்வளவு பெரிய படம் மடிக்கணினித் திரையில் அடங்காது. ஆகவே ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிட்மேப்பாக்கி, ஜன்னலில் காட்டினேன். அதன்மேல் பக்க எண்ணையும் பெயரையும் எழுத ஒரு வசதி. கீழே ‘சேமி’ என்று ஒரு பொத்தான். அந்தப் பொத்தான் ஜன்னலில் இருந்த பிட்மேப்பை எடுத்து, பழைய கோப்பின் பெயரிலேயே எழுதியது. ஒரு சாயங்காலம் கடைசிப் பதினொரு பக்கங்களுக்குப் பெயர் எழுதிச் சேமித்துவிட்டு, வேலை முடிந்தது என்று வடை தின்னப் போனேன்.

அந்தப் பதினொன்றும் முழுக்கப் பென்சிலில் போட்டவை. மெல்லிய பென்சில் புள்ளி 300 புள்ளி ஸ்கேனில் மூன்று நான்கு பிக்செல் அகலம்தான் வரும். இந்த லைப்ரரியில் படத்தைச் சுருக்கும்போது வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், ஐந்து பிக்செலுக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடும். சராசரி எடுக்கச் சொல்லியிருந்தால் மங்கலாகவாவது தங்கியிருக்கும். சொல்லவில்லை. புள்ளிகளில் பாதி அந்த இடைவெளிக்குள் விழுந்து மறைந்தன. கோடுகள் துண்டு துண்டாக எறும்புச் சாரி மாதிரி நின்றன. சின்ன ஜன்னலில் அது என் கண்ணுக்குப் படவில்லை.

சென்னைக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தேன். பரவாயில்லை, நோட்டு இருக்கிறதே என்று அண்ணனுக்குப் போன் போட்டேன். மதினிதான் எடுத்தாள். "தம்பி, பரண்ல கரையான் ஏறிட்டு. பின்னாடி பக்கம் பூரா மண்ணாப் போச்சு. நீ கம்ப்யூட்டர்ல ஏத்திட்டல்லா, அதான் நான் வெசனப்படல" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மீட்க வழி இருக்கிறதா என்று பல நாள் அந்தப் பதினொரு கோப்புகளையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருங்கிய படத்திலிருந்து போன புள்ளியைத் திருப்பி வரவழைக்க முடியாது. ஆனால் தலைப்பு வரிகள் தப்பித்திருந்தன. அம்மாவின் எழுத்து பெரியது, பென்சிலை அழுத்தி எழுதுவாள். "13 புள்ளி, 7 வரை ஊடு." படம் போயிருந்தது, விதி இருந்தது. நாலு வரி நிரலில் 127 புள்ளிகளும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

அப்போதுதான் தாம்பரத்துக் கட்டுரைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. படத்தைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொள்வது ஒரு வழி, அதை உண்டாக்கும் விதியை வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரப் பிராணியும் உண்டு. 1989இல் பிரான்ஸில் புல் நிறுவனத்தில் டானியேல் டார்டையேயும் கோலா நபூவும் உருவாக்கிய எக்ஸ்பிஎம் என்ற பட வடிவம். படத்தையே சி மொழி நிரலுக்குள் எழுத்துச் சரங்களாக எழுதிவிடலாம். முதல் வரியில் அகலம், உயரம், எத்தனை நிறம், ஒரு புள்ளிக்கு எத்தனை எழுத்து. பிறகு நிறத்துக்கு ஓர் எழுத்து. அதன்பின் வரிசை வரிசையாகப் படம். இந்த லைப்ரரியில் ஐகான்களை வெகுகாலம் இப்படித்தான் எழுதினார்கள். எக்ஸ்பிஎம் கோப்பைத் திறந்து பார்த்தால், புள்ளி வைத்த கோலப் பக்கம் மாதிரியே இருக்கும். தலைப்பில் எண்ணிக்கை, கீழே கட்டம்.

புள்ளி வந்துவிட்டது. கோடு? அடுத்த பொங்கலுக்குப் புள்ளி மட்டும் அச்சிட்ட பதினொரு தாளோடு ஊருக்குப் போனேன். மதினி தாளைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு வராது, வாசலுக்கு வா" என்றாள். வாசலில் அரிசி மாவில் அதே புள்ளிகளை வைத்தாள். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று நான் கேட்டால் நின்றுவிடும். "கை போற போக்குல வருது. நீ கேட்டா வரமாட்டேங்கு." சும்மா இருந்தேன். வந்தது. சிரோமணியும் கூட்டாளிகளும் பின்னாளில் கம்பிக் கோலத்தைக் கையின் நகர்வுகளாக, முன்னே போ, இந்தப் பக்கம் வளை என்று எழுதிப் பார்த்தது சும்மா இல்லை. நோட்டும் வாசலும் போக, கை என்று மூன்றாவது ஓர் இருப்பிடம் இருக்கிறது.

ஏழு கோலம் திரும்பி வந்தன. அவை இப்போது மூன்று விதமாக இருக்கின்றன. புள்ளி விதியாக, கோட்டின் நகர்வுகளாக, முழு அளவுப் படமாக. எந்தத் திரைக்கும் அந்தத் திரையின் அளவுக்குப் புதிதாக வரைந்துகொள்ளலாம். லைப்ரரியிலும் 2022இல் வந்த 3.1.6 பதிப்பில் ஒரே ஐகானின் பல அளவுகளை ஒன்றாகக் கட்டித் தரும் வசதி வந்தது. அடர்த்தியான புதுத் திரைகளில் பழைய ஐகான்கள் எறும்பளவு ஆகிவிட்டதால் வந்த தேவை. என் நிரலில் ‘சேமி’ பொத்தான் இப்போது ஜன்னலைத் தொடுவதே இல்லை.

மார்கழியில் அண்ணன் மகள் அந்த ஏழில் ஒன்றைப் போட்டுப் போட்டோ அனுப்புவாள். மீதி நாலு கோலம் மதினியின் கையிலும் இல்லை, அவள் அம்மாவிடம் கற்றுக்கொள்ளாதவை. அந்தக் கோப்புகளை அழிக்கவில்லை. திறந்தால் அம்மாவின் எழுத்து வரும்: "9 புள்ளி, 5 வரை ஊடு." கீழே 61 புள்ளிகள் சரியாக நிற்கும். கோடு இல்லை.