விகாரமும் தற்செயலும்: பிறப்புரிமையியல் வரலாறு தரும் படிப்பினை

விஞ்ஞான உண்மையொன்று கண்டறியப்படுவதும் அது ஏற்றுக்கொள்ளப்படுவதும் ஒன்றல்ல. இரண்டுக்குமிடையே சமூகமும் அதிகாரமும் கருத்துநிலையும் நிற்கின்றன. பரம்பரையலகுகளில் நேரும் விகாரங்கள் பற்றிய ஆய்வின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் ஒரு பகுதி, மார்க்சியத்தின் பெயரால் இழைக்கப்பட்ட தவறொன்றின் வரலாறுமாகும். ஆதலின் முற்போக்காளர் அதனைத் தவிர்த்துச் செல்வது முறையன்று.

1927 இல் அமெரிக்க விஞ்ஞானி ஹேர்மன் முல்லர் பழ ஈக்கள்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, விகாரம் தோன்றும் வீதத்தை நூறு மடங்குக்கும் மேலாக உயர்த்திக் காட்டினார். அதுவரை காரணம் புலப்படாத நிகழ்வாகவிருந்த விகாரம், பௌதிக ஏதுவொன்றால் தூண்டப்படக்கூடியது என்பது இதனால் நிறுவப்பட்டது. பரம்பரையலகு சடப்பொருளே என்ற கருத்தும் வலுப்பெற்றது. இடதுசாரியான முல்லர், 1933 இல் நிக்கொலாய் வவிலோவின் அழைப்பையேற்றுச் சோவியத்து ஒன்றியம் சென்றார். 1936 டிசெம்பரில் மொஸ்கோவில் நடந்த விவாதத்தில் லைசென்கோவின் கோட்பாட்டை வெளிப்படையாக எதிர்த்த அவர், அடுத்த ஆண்டு அந்நாட்டைவிட்டு வெளியேற வேண்டியவரானார்.

சூழலை மாற்றினால் உயிரியின் பரம்பரை இயல்பும் அதற்கிசைய மாறும் என்பதே லைசென்கோ கோட்பாட்டின் சாரம். மனித முயற்சியால் இயற்கை முழுவதையும் மாற்றியமைக்கலாமென நம்பிய காலத்துக்கு அது உவப்பாயிருந்தது. பிறப்புரிமையியலின் பெயரால் நாசிகள் இனவாதத்தை நியாயப்படுத்திய சூழ்நிலையில், அவ்வியல்மீது பலர் ஐயங்கொண்டதும் விளங்கிக்கொள்ளத்தக்கதே. முல்லரும் மயக்கங்களுக்கு அப்பாற்பட்டவரல்லர். தெரிவுமுறை இனப்பெருக்கத்தால் மனித குலத்தை மேம்படுத்தலாமென 1936 இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதியவர் அவர். ஆயினும் உவப்பான கருத்து என்பதனால் அது உண்மையாகிவிடாது.

இரசாயனப் பொருள்களும் விகாரத்தை விளைவிக்கும் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தெரியவந்தது. நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி எடின்பரோவிற் பணியாற்றிய சார்லட் அவர்பாக், ஜே. எம். ரொப்சனுடன் சேர்ந்து கடுகு வாயுவின் இவ்விளைவைக் கண்டறிந்தார். போர்க்கால இரகசியம் காரணமாக முடிவுகள் 1946 இலேயே வெளிவந்தன. அதே ஆண்டில் சோவியத்து விஞ்ஞானி இயோசிப் ரப்பபோட், போமல்டிகைட்டின் விகார விளைவைத் தனித்துக் கண்டு வெளியிட்டார்.

காரணமுண்டெனின் நோக்கமும் உண்டா? இதற்கு விடை தந்தது 1943 இல் லூரியாவும் டெல்புரூக்கும் செய்த பரிசோதனை. வைரசை எதிர்க்கும் ஆற்றல் வைரசின் தாக்குதலால் உண்டாவதாயின், தனித்தனியே வளர்க்கப்பட்ட பற்றீரியா வளர்ப்புகள் அனைத்திலும் எதிர்ப்புடையவை ஏறத்தாழ ஒரே தொகையினவாக இருத்தல் வேண்டும். மாறாக, சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் மிகப் பல. அவ்விகாரங்கள் வைரசைச் சந்திக்குமுன்பே தோன்றியிருந்தன என்பதே இதன் பொருள். விகாரம் காரணமற்றதன்று, உயிரியின் தேவையை நோக்கி எழுவதன்று என்பதே ஈண்டுத் தற்செயல் எனப்படுவது.

இவ்வேறுபாட்டை லைசென்கோ குழுவினர் ஏற்கவில்லை. தற்செயலை ஒப்புக்கொள்வது கருத்துமுதல்வாதம் என்றனர். வவிலோவ் 1940 இல் கைது செய்யப்பட்டு 1943 இல் சரத்தோவ் சிறையில் மாண்டார். 1948 ஓகஸ்டில் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தொடர் பிறப்புரிமையியலை நிராகரித்தது. போரில் ஒரு கண்ணை இழந்தவரும் கட்சி உறுப்பினருமான ரப்பபோட், அக்கூட்டத்தில் பிறப்புரிமையியலுக்காக வாதாடினார். பின்னர் தம் கருத்தைக் கைவிட மறுத்துப் பதவியையும் கட்சி உறுப்புரிமையையும் இழந்தார். லைசென்கோ பிறப்புரிமையியல் நிறுவகத்தின் இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டது 1965 இலேயே.

1953 இல் டி.என்.ஏ.யின் அமைப்பு துலங்கியபின் விகாரத்தின் வகைகளும் தெளிவாயின. ஒரு மூலத்தினிடத்தில் வேறொன்று அமரலாம். மூலங்கள் சேரலாம் அல்லது நீங்கலாம். நிறமூர்த்தத் துண்டுகள் உடைந்து இடம் மாறலாம். மும்மூன்றாக வாசிக்கப்படும் தொடரில் ஒரு மூலம் நீங்கினும் அதன்பின் வரும் வாசிப்பு முழுவதும் பிறழும். கலம் பிரியுமுன் நிகழும் பிரதியாக்கத்தில் நேரும் பிழைகளும் சைற்றோசின் தானாகவே சிதைவதும் அகக் காரணங்கள். அடுத்தடுத்த தைமின்களைப் பிணைக்கும் கழியூதாக் கதிர், இழைகளை முறிக்கும் எக்ஸ் கதிர், குவானினுடன் பிணையும் கடுகு வாயு முதலியன புறக் காரணங்கள்.

அரிவாட்கல இரத்தச்சோகை இதற்குத் தெளிவான உதாரணம். ஓர் அடனின் தைமினாக மாறுவதால் ஈமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது. புரதத்தில் நேர்ந்த இம்மாற்றத்தை 1957 இல் இன்கிரம் காட்டினார். பெற்றோர் இருவரிடமிருந்தும் அதனைப் பெற்றவர் நோயுறுவர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கடும் மலேரியாவிலிருந்து பெரிதும் காக்கப்படுவர். விகாரம் மலேரியாவுக்காகத் தோன்றவில்லை. மலேரியா நிலவிய சூழலே அதனை நிலைபெறச் செய்தது. தற்செயலும் அவசியமும் இவ்வாறே இணைகின்றன. இயங்கியல் இங்கு பொருளின் இயக்கத்திலேயே காணப்படுகிறது. மேலிருந்து திணிக்கப்பட வேண்டியதில்லை.

லைசென்கோவை எடுத்துக்காட்டி மார்க்சியத்தையே நிராகரிப்போர் உளர். ரப்பபோட்டும் அதே கட்சியிலிருந்தவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஆனால் அவரை வெளியேற்றியதும் அதே கட்சிதான் என்பதை நாம் மறத்தலாகாது. சான்றுக்கு மேலாகக் கோட்பாட்டை வைக்கும்போது பொருள்முதல்வாதம் தன் அடித்தளத்தையே இழக்கிறது. இலக்கிய ஆய்விலும் சமூக ஆய்விலும் ஈடுபடும் நமக்கும் இப்படிப்பினை பொருந்துவதாகும்.